மழை எங்களுது, கணக்கு மட்டும் யாருது?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் கோவமான பதிவும் கூட. ஆபீஸ்ல ஆணி அதிகமா இருந்தா சாயங்காலம் வந்து படிங்க, பதிவு எங்கயும் ஓடிடாது :)

ஒரு ஐப்பசி ராத்திரி. எங்க கெங்கவல்லியில நல்ல மழை. கரண்ட் போயி, கொசுவோட சண்டை போட்டுக்கிட்டே விடிஞ்சது. காலையில பாதி ஊர் சுவேத நதியில தண்ணி வந்துடுச்சான்னு பாக்கப் பாலத்துக்குப் போயிருச்சு. மீதிப் பாதி டீக்கடையில. அங்க ஒரே பட்டிமன்றம். "எட்டு சென்டி பேஞ்சிருக்கும்பா" ஒருத்தர். "போய்யா, பன்னெண்டுக்குக் கொறையாது" இன்னொருத்தர். "எங்க காட்டுல வரப்பே தெரியல, உங்க தெருவுல பேஞ்சத வச்சு பேசாத" மூணாமவர்.

மறுநாள் பேப்பர்ல தீர்ப்பு வந்தது. "சேலம் மாவட்டத்தில் பதிவான மழை அளவு, மில்லி மீட்டரில்" அப்படின்னு ஒரு சின்னப் பெட்டிச் செய்தி. ஏற்காடு, ஆனைமடுவு, கரியகோவில், ஆத்தூர், தம்மம்பட்டி, வீரகனூர், அதுக்கு நடுவுல கெங்கவல்லி. எங்க ஊர் பேரு பேப்பர்ல வர்றது ரெண்டே சமயம்தான். ஒண்ணு எலக்‌ஷன், இன்னொண்ணு மழை. எலக்‌ஷனாவது அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை. மழை எங்களுக்கு அதைவிட முக்கியம்.

அப்பதான் எனக்கு அந்த யோசனை வந்தது (யோசனை வர்றதே ஆபத்துன்னு வீட்டுல சொல்லுவாங்க). நமக்கு ஹெச்டிஎம்எல் கொஞ்சம் தெரியும், பைத்தான் அரைகுறையாத் தெரியும். "கெங்கவல்லி மழை"ன்னு ஒரு பக்கம் போட்டா என்ன? இன்னிக்கு எவ்வளவு, இந்த மாசம் இதுவரைக்கும் எவ்வளவு, போன வருஷம் இதே தேதிக்குள்ள எவ்வளவு. அவ்வளவுதான். மரவள்ளி போட்டவங்களுக்கும், மக்காச்சோளம் போட்டவங்களுக்கும், போர் போடலாமா வேணாமான்னு முழிக்கிறவங்களுக்கும் உபயோகமா இருக்கும். பெரிய ராக்கெட் விஞ்ஞானம் இல்ல. ஒரு கூட்டல் கணக்கு.

கூட்டறதுக்கு எண் வேணும்ல? அங்கதான் கதை ஆரம்பிக்குது.

அந்த எண் எங்க இருந்து வருதுன்னு யோசிச்சுப் பாருங்க. மழைமானின்னு ஒண்ணு. வானிலைத் துறை கணக்குப்படி தினமும் காலை 8.30க்கு முந்தைய 24 மணி நேரத்து மழையை அளக்கணும். சம்பளம் வாங்கற ஒரு அரசு ஊழியர் அதைப் பாக்கறாரு. எழுதறாரு. மேல அனுப்பறாரு. மாவட்டத் தலைநகர்ல யாரோ ஒருத்தர் எல்லா ஊர் எண்ணையும் ஒரு கம்ப்யூட்டர்ல அடிக்கறாரு. பேப்பருக்குப் போவுது, வாட்ஸப் குரூப்புக்குப் போவுது. ஆக அளந்தாச்சு, அடிச்சாச்சு, வெளியிலயும் விட்டாச்சு. ஆனா எப்படி விடறாங்க? படமா! சில சமயம் சாய்ஞ்ச படம். சில சமயம் மேசை மேல வச்ச காகிதத்தைப் போன்ல எடுத்த படம், ஓரத்துல டீ கிளாஸோட.

மனுஷன் படிக்கலாம். மெஷின் படிக்க முடியாது. நாளைக்கே அது குரூப்புல ஐநூறு குட்மார்னிங் பூவுக்கு அடியில போயிடும். அப்புறம் போன வருஷம் நவம்பர் 12ந் தேதி எங்க ஊர்ல எவ்வளவு மழைன்னு கேட்டா கடவுளுக்குத்தான் தெரியும்.

சரி, சட்டப்படி போவோம்னு தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போட்டேன். பத்து ரூபா. எந்த ஆபீஸ்னு சொல்ல மாட்டேன், அங்க இருக்கறவங்களும் நம்மளை மாதிரி ஆணி புடுங்கறவங்கதான். கேட்டது இதுதான்: பத்து வருஷத்து தினசரி மழை அளவு, கம்ப்யூட்டர்ல இருக்கற கோப்பாவே குடுங்க, சிடியில குடுத்தாலும் சரி, மெயில்ல அனுப்பினாலும் சரி. பதில் வந்துச்சு. பக்கத்துக்கு 2 ரூபா கட்டி நகல் வாங்கிக்கோங்க. மாசத்துக்கு ஒரு பக்கம், 120 பக்கம், 240 ரூபா. கட்டினேன். வாங்கினேன். பிரிச்சுப் பாத்தா... அவ்வ்வ்வ்! எக்ஸெல்ல அடிச்ச அட்டவணை. அந்த மெல்லிசான கட்டம் கட்டமான கோடு கூட அப்படியே விழுந்திருக்கு. அதைப் பிரிண்ட் எடுத்து, பிரிண்டை ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸைத் தைச்சு எனக்குக் குடுத்திருக்காங்க. நான் வீட்டுக்கு வந்து அதைத் திரும்ப எக்ஸெல்ல அடிச்சேன். ரெண்டு மாசம். ஞாயித்துக்கிழமை எல்லாம் அதுக்கே போச்சு.

இதுல யாருக்கு என்ன லாபம்? அரசாங்கத்துக்குக் காகிதச் செலவு. எனக்குக் கண்ணு வலி. நான் அடிச்சதுல எத்தனை தப்போ, அது தனி. "எக்ஸெல்லா இருக்கறதைக் காகிதமாக்கி, காகிதத்தை மறுபடி எக்ஸெல்லாக்கறது"தான் நம்ம நாட்டுல டிஜிட்டல். சிரிப்பு வருது, ஆனா சிரிக்க முடியல.

இத்தனைக்கும் சட்டம் என்ன சொல்லுதுன்னு பாருங்க. 2005ல வந்த தகவல் உரிமைச் சட்டம், பிரிவு 2(ஜே). கம்ப்யூட்டர்ல இருக்கற தகவலை டிஸ்கெட்டா, ஃப்ளாப்பியா, டேப்பா, வேற எந்த மின்னணு வடிவத்துலயும் வாங்கற உரிமை குடிமகனுக்கு உண்டு. ஃப்ளாப்பி! ஃப்ளாப்பியே செத்துப் போச்சு, அதுல குடுக்கறேன்னு சொன்ன உரிமை மட்டும் இன்னும் ஜெராக்ஸ் கடையில நிக்குது. பிரிவு 7(9) கேட்ட வடிவத்துலயே சாதாரணமா குடுக்கணும்னு சொல்லுது. பிரிவு 4(2) அதுக்கும் மேல, மக்கள் மனு போடற அவசியமே குறையற மாதிரி, நீங்களா முன்வந்து, இன்டர்நெட் வழியாவும் வெளியிடுங்கன்னு சொல்லுது. 4(4) உள்ளூர் மொழியைக் கணக்குல எடுத்துக்கச் சொல்லுது. இருபது வருஷத்துக்கும் மேல ஆச்சு.

அதுக்கப்புறம் 2012ல மத்திய அரசு தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கைன்னு ஒண்ணு கொண்டு வந்தது. மெஷின் படிக்கற வடிவத்துல குடுக்கணும்னு அதுலயே இருக்கு. அந்த வருஷமே டேட்டா டாட் கவ் டாட் இன் தளம் வந்துச்சு. 2017ல திறந்த தரவுக்குன்னு ஒரு உரிமமும் வந்துச்சு. எங்க இருந்து எடுத்தேன்னு பேர் போட்டா போதும், யார் வேணும்னாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், வியாபாரத்துக்குக் கூட. ஆக காகிதத்துல நமக்கு எல்லாமே இருக்கு மக்களே. மழையைத் தவிர.

இங்க "ஓடை"ன்னா என்னன்னு ஒரு வார்த்தை. நம்ம பதிவர்களுக்கு இதை விளக்கவே வேணாம். ஆர்எஸ்எஸ் ஃபீடுக்கு "செய்தியோடை"ன்னு அழகா பேர் வச்ச கூட்டம் நாம. நீங்க பதிவு போட்டா நான் உங்க பக்கத்துக்கு வந்து தேட வேணாம், அது என் திரட்டிக்குத் தானா வந்து விழும். தரவு ஓடையும் அதே கதைதான். பதிவுக்குப் பதிலா மழை, விலை, பஸ் நேரம், ஏரி மட்டம். மாறாத ஒரு முகவரி. மாறாத ஒரு வடிவம். கேட்டா இன்னிக்கு எண்ணு வரும், தேதியோட. அதை வச்சு எவனோ ஒருத்தன் ஆப் பண்ணுவான், இன்னொருத்தன் டீக்கடையில போர்டு வைப்பான், மூணாமவன் பள்ளிக்கூடத்துல பாடம் நடத்துவான். அரசாங்கம் ஆப் பண்ண வேணாம்! இதைத்தான் நான் தலைகீழா நின்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். ஒவ்வொரு துறையும் ஒரு ஆப் விடுது, விழா எடுக்குது, ரெண்டு வருஷத்துல அது அநாதையாக் கிடக்குது. ஆப்புக்குச் செலவு பண்ற காசுல பத்துல ஒரு பங்கு போதும், ஓடையை ஒழுங்கா ஓட வைக்க.

இது ஏதோ அமெரிக்காக்காரன் சமாச்சாரம்னு நினைக்காதீங்க. ஆரம்பிச்சது அங்கதான், உண்மை. 2005ல போர்ட்லேண்ட் ஊரோட டிரைமெட் போக்குவரத்துக் கழகமும் கூகுளும் சேர்ந்து பஸ் நேரத்தை எல்லாரும் படிக்கற ஒரு வடிவத்துல எழுதினாங்க. அதுதான் இன்னிக்கு உலகம் பூரா ஜிடிஎஃப்எஸ்ங்கற பேர்ல ஓடுது. உள்ள என்ன இருக்கு? கமா போட்டுப் பிரிச்ச சாதா எழுத்துக் கோப்பு சிலது. நிறுத்தம் ஒரு கோப்பு, தடம் ஒரு கோப்பு, எந்த வண்டி எந்த நிறுத்தத்துல எத்தனை மணிக்குன்னு ஒரு கோப்பு. நோட்பேடுல அடிக்கலாம். 2018ல கொச்சி மெட்ரோ தன்னோட நேரத்தை இப்படித் திறந்து விட்டது. டெல்லி அரசு பஸ் ஓடற இடத்தையே நேரலையாக் குடுத்தது. கொச்சி நம்ம பக்கத்து வீடு.

இங்க? கெங்கவல்லியில இருந்து ஆத்தூருக்கு எத்தனை மணிக்கு பஸ்ஸுன்னு கேட்டா, டீக்கடைச் சுவத்துல சுண்ணாம்புக் கட்டியில எழுதியிருக்கும். அதுலயும் பாதி அழிஞ்சிருக்கும். இத்தனைக்கும் தனியார் பஸ்ஸு ஒவ்வொண்ணுக்கும் பெர்மிட்டோட டைமிங் உண்டு. அது ஒரு அரசு ஆபீஸ்ல காகிதமா இருக்கு. ரெண்டு நிமிஷம் முன்னாடி எடுத்தான்னு ரெண்டு டிரைவர் ரோட்டுக்கு நடுவுல வண்டியை நிறுத்திட்டுச் சட்டையைப் பிடிக்கறதை நம்ம பக்கம் பாக்காதவங்க உண்டா? ஆக டைமிங்குனு ஒண்ணு இருக்கு, அது நிமிஷ சுத்தமா இருக்கு, அதுக்காக அடிதடியே நடக்குது. பயணிக்கு மட்டும் தெரியக் கூடாது!

2021 மே மாசத்துல இருந்து சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்குக் கட்டணம் இல்ல. நல்ல திட்டம். ஆனா எந்த வண்டி இலவசம், அது எத்தனை மணிக்குன்னு தெரியாம ஒரு அக்கா ஒரு மணி நேரம் கைக்குழந்தையோட நிக்கறாங்கன்னா, அந்த ஒரு மணி நேரத்துக்கு யாரு டிக்கெட் குடுக்கறது?

இப்ப "இதெல்லாம் இருந்தா மட்டும் என்ன நடந்துடப் போவுது"ன்னு ஒரு குரல் வரும். வரட்டும். நடந்ததைச் சொல்றேன்.

கொரோனா காலம். 2020 மார்ச்சுல இருந்து ஒவ்வொரு மாநிலமும் தினமும் ஒரு அறிக்கை விட்டது. நம்ம தமிழ்நாடு விட்டது பிடிஎஃப். மாவட்ட வாரியா நல்ல விவரமான அறிக்கை, குறை சொல்ல முடியாது, ஆனா பிடிஎஃப். இதையெல்லாம் தினமும் உக்காந்து எடுத்துக் கோத்து, எல்லாரும் பயன்படுத்தற ஒரு ஓடையாக் குடுத்தது அரசாங்கம் இல்ல. கோவிட்19இந்தியா டாட் ஆர்க்னு ஒரு தன்னார்வலர் கூட்டம். சம்பளம் கிடையாது. பத்திரிகையிலயும் டிவியிலயும் எத்தனையோ பேர் காட்டின வரைபடத்துக்குப் பின்னாடி அவங்க உழைப்பு இருந்துச்சு. 2021 அக்டோபர் 31ந் தேதி கடையைச் சாத்தினாங்க. அவங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எத்தனை நாள்தான் வேலை முடிச்சிட்டு வந்து எண்ணிக்கிட்டே இருப்பாங்க? ஆனா ஒரு நாட்டோட சாவுக்கணக்கு சில நல்லவங்களோட ராத்தூக்கத்தை நம்பி இருந்துச்சே, அதை யாரும் கேக்கல.

இன்னொண்ணு. கோவின். 2021 மே 1ல இருந்து 18 முதல் 44 வயசுக்காரங்களுக்கும் ஊசின்னு சொன்னாங்க. ஸ்லாட் பிடிக்கறது தீபாவளிக்கு ரயில் டிக்கெட் பிடிக்கற மாதிரி. அப்ப கோவின் தன்னோட ஏபிஐயைத் திறந்து வச்சிருந்துச்சு. சென்னையில பெர்ட்டி தாமஸ்னு ஒரு புரோகிராமர், அண்டர்45னு ஒரு தளம் பண்ணாரு. உங்க மாவட்டத்துல இடம் காலியானா டெலிகிராம்ல சேதி வரும். அதே மாதிரி நாடு பூரா நிறைய பேர் பண்ணாங்க. எத்தனையோ பேருக்கு ஊசி கிடைச்சது. திறந்த ஓடையோட பலம் இதுதான்.

அதோட பலவீனமும் அதே கதையிலதான் இருக்கு. சேதி யாருக்குப் போச்சு? ஸ்மார்ட்ஃபோன் உள்ளவனுக்கு, டெலிகிராம் தெரிஞ்சவனுக்கு, இங்கிலீஷ் படிக்கறவனுக்கு. பட்டணத்துல இருந்து கார் எடுத்துக்கிட்டு கிராமத்து சென்டருக்கு வந்து போட்டுட்டுப் போனவங்க செய்தி எல்லாம் வந்துச்சு. உச்ச நீதிமன்றமே மே கடைசியில, இணையம் இல்லாதவன் என்ன பண்ணுவான்னு அரசைக் கேட்டுச்சு. அரசாங்கம் அதுக்கு முன்னாடியே ஒரு காரியம் பண்ணியிருந்துச்சு. மே முதல் வாரத்துலயே ஓடைக்கு மடை போட்டுட்டாங்க. வர்ற தகவல் அரை மணி நேரம் வரைக்கும் பழசா இருக்கலாம், அஞ்சு நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல கேக்கக் கூடாது. ரெண்டு நிமிஷத்துல காலியாகற ஸ்லாட்டுக்கு அரை மணி நேரப் பழசு எதுக்கு? நேத்து பஸ்ஸுக்கு இன்னிக்கு ஓடற மாதிரிதான்.

இதுல இருந்து நான் கத்துக்கிட்டது: ஓடையை அடைக்கறது தீர்வு இல்ல. கடைசி வீடு வரைக்கும் வாய்க்கால் வெட்டறதுதான் தீர்வு. தமிழ்ல வரணும். எஸ்எம்எஸ்ல வரணும். ஊராட்சி ஆபீஸ் கரும்பலகையில வரணும். ஓடை திறந்திருந்தாதான் இதையெல்லாம் யாராவது பண்ண முடியும்.

இதுவரைக்கும் அரசாங்கத்தைத் திட்டியாச்சு. அது சுலபம். இனிமே நம்மளைத் திட்டப் போறேன். முதல்ல என்னை.

மழைப் பக்கத்துக்கு முன்னாடியே நான் ஒரு விலைப் பக்கம் போட்டிருந்தேன். காய்கறி மண்டி விலை ஓடையாக் கிடைக்குது. ஒவ்வொரு சந்தைக்கும் குவிண்டாலுக்குக் குறைஞ்ச விலை, அதிக விலை, பெரும்பாலான சரக்கு என்ன விலைக்குப் போச்சோ அந்த விலைன்னு மூணு எண். அதை எடுத்து, நூறால வகுத்து, கிலோவுக்கு இவ்வளவுன்னு பெருசா பச்சைக் கலர்ல காட்டினேன். ஊர்ல நாலு பேர் பாக்க ஆரம்பிச்சாங்க. நமக்குத் தலைகால் புரியல.

எங்க சித்தப்பா முறைக்காரர் ஒருத்தர். சின்ன வெங்காயம் பட்டறை போட்டு வச்சிருந்தாரு. என் பக்கத்துல கிலோ 38னு பாத்திருக்காரு. ராத்திரியோட ராத்திரியா பட்டறையைப் பிரிச்சு, ஆள் வச்சு மூட்டை பிடிச்சு, குட்டியானையில ஏத்தி, விடியறதுக்குள்ள மண்டிக்குப் போயிட்டாரு. 20 மூட்டை, ஆயிரம் கிலோ. அங்க விலை 24. திருப்பிக் கொண்டு வந்தா வாடகையும் தெண்டம், பிரிச்ச பட்டறையில மறுபடி அடுக்கினா அழுகிடும். வித்துட்டு வந்தாரு.

என்ன நடந்துச்சுன்னா, அந்தச் சந்தைக்கு ஒன்பது நாளா புது எண்ணே பதிவாகல. என் புரோகிராம் கடைசியா எது இருந்துச்சோ அதை எடுத்துக் காட்டிச்சு. தேதி போடற எடத்துல நான் தேதி போடல. அழகு கெட்டுப் போவுதாம்! ஒன்பது நாள் பழைய விலை, இன்னிக்கு விலை மாதிரி பச்சைக் கலர்ல ஜொலிச்சுக்கிட்டு இருந்துச்சு. ஓடை பொய் சொல்லல. நான் சொன்னேன்.

சித்தப்பா திட்டல. அதுதான் இன்னும் மோசம். வீட்டு வாசல்ல வந்து உக்காந்து, தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, "ஏம்ப்பா, அது அன்னிக்கு வெல இல்லியா? நீ போட்டிருக்கியேன்னு நம்பிப் போனேன்"னாரு. "நீ போட்டிருக்கியே." அந்த வார்த்தைக்கு என்கிட்ட பதில் இல்ல. கிலோவுக்கு 14 ரூபா, 14,000 ரூபா அவர் எதிர்பார்த்ததுல குறைஞ்சு போச்சு. நான் குடுக்கறேன்னு சொன்னதுக்கு வாங்க மாட்டேன்னுட்டாரு. அன்னிக்கு ராத்திரியே அந்தப் பக்கத்தை எடுத்துட்டேன். ஒரு மாசம் கழிச்சு, திருத்தித் திரும்பப் போட்டேன். இப்ப எண்ணைவிடத் தேதி பெருசா இருக்கும். ரெண்டு நாளுக்கு மேல பழசா இருந்தா எண்ணே வராது, "புது விலை வரவில்லை"ன்னு மட்டும் வரும். அசிங்கமாத்தான் இருக்கு. இருந்துட்டுப் போவுது.

அதனாலதான் கேக்கறேன். ஆப் பண்ற நண்பர்களே, தளம் வச்சிருக்கற தோழர்களே, உங்க பக்கத்துல எண்ணுக்குப் பக்கத்துல தேதி இருக்கா? எங்க இருந்து எடுத்தீங்கன்னு இருக்கா? கிலோவா குவிண்டாலான்னு இருக்கா? சில்லறை விலையா, மண்டி விலையா? எங்க பக்கம் மரவள்ளி ஆலைக்குப் போறப்ப மாவுச்சத்தை அளந்து பாயிண்ட் கணக்குல விலை போடுவாங்க. நீங்க உழவர் சந்தையில சமையலுக்கு விக்கற கிழங்கு விலையை எடுத்து "மரவள்ளி இன்றைய விலை"ன்னு போட்டா, எண் சரிதான், சேதி தப்பு. உங்களுக்கு அது ஒரு வரி கோடு. வயல்ல நிக்கறவனுக்கு ஒரு வருஷத்து வெள்ளாமை.

ஊர் பேரும் அப்படித்தான். ஆத்தூர்னா சேலம் மாவட்டத்துலயும் இருக்கு, திண்டுக்கல் மாவட்டத்துலயும் இருக்கு. ஒரு தடவை நான் அதையும் மாத்திக் காட்டியிருக்கேன். எங்க ஊர் பேரையே எடுத்துக்கோங்க. கெங்கவல்லின்னு ஒரு ஆள், கங்கவல்லின்னு ஒரு ஆள். இங்கிலீஷ்ல ஒருத்தர் ஜி போட்டு ஆரம்பிப்பாரு, இன்னொருத்தர் கே போட்டு. சட்டமன்றத் தொகுதிப் பட்டியல்ல 81ம் நம்பர்னா அது எங்க ஊர்தான், குழப்பமே இல்ல. மத்திய அரசோட உள்ளாட்சிப் பெயரகத்துல ஒவ்வொரு தாலுகாவுக்கும் கிராமத்துக்கும் ஒரு குறியீட்டு எண் இருக்கு. அந்த எண்ணை எல்லாத் துறையும் தங்களோட பட்டியல்ல சேர்த்தாலே பாதிப் பிரச்சனை தீரும். யாரு கேக்கறா?

எழுத்துரு சமாச்சாரம் நம்ம கூட்டத்துக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. திஸ்கி, டாப், டாம், பாமினின்னு அல்லாடி, யூனிகோடுக்கு வந்து கரையேறின பரம்பரை நாம. 2010ல கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்துல தமிழ்நாடு அரசும் யூனிகோடைத் தரமா ஏத்துக்கிட்டு ஆணை போட்டுச்சு. ஆனா அதுக்கு அப்புறமும் அரசுப் பிடிஎஃப்ல இருந்து ஒரு வரியை வெட்டி ஒட்டினா இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா கொட்டின அனுபவம் எனக்கு எத்தனையோ தடவை. கண்ணுக்குத் தமிழ், கம்ப்யூட்டருக்குக் குப்பை.

வழக்கமா வர்ற எதிர்ப்பு மூணு. சுருக்கமா பதில் சொல்லிடறேன்.

ஒண்ணு, "தப்பாப் பயன்படுத்துவாங்க, தனிமனுஷ ரகசியம் போயிடும்." மழைக்கு ஏதுய்யா ரகசியம்? எங்க ஊர்ல 62 மில்லி மீட்டர் பேஞ்சதுல யாரோட மானம் போவுது? ஆனா இந்தக் கவலை சரியான எடத்துல எனக்கும் உண்டு. நூறு நாள் வேலைத் திட்டத் தளத்துல பல வருஷமா வேலை செஞ்சவங்க பேரு, எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலின்னு எல்லாமே திறந்து கிடந்துச்சு. சமூகத் தணிக்கைக்கு அது தேவைன்னு ஒரு நியாயம் இருந்துச்சு, ஏத்துக்கறேன். ஆனா வேடிக்கையைப் பாருங்க. பக்கத்து வீட்டு அம்மா எத்தனை நாள் மண் வெட்டினாங்கன்னு எனக்குத் தெரியும். வானம் எவ்வளவு பேஞ்சதுன்னு தெரியாது. ஏழையோட கணக்கு திறந்திருக்கு, ஆபீஸோட கணக்கு பூட்டியிருக்கு. கோடு எங்க போடணுமோ அங்க போடுங்க. மனுஷன் பேர் வர்றது எல்லாம் கவனமா, மழை, விலை, பஸ், ஏரி எல்லாம் தாராளமா.

ரெண்டு, "கம்பெனிக்காரன் எடுத்துக் காசு பண்ணுவான்." பண்ணட்டுமே. பெரிய கம்பெனிக்கு ஆள் இருக்கு, அவன் பிடிஎஃப்பையும் உடைப்பான், படத்தையும் படிப்பான். பூட்டு அவனைத் தடுக்கறதே இல்ல. தடுக்கறது கெங்கவல்லியில ஞாயித்துக்கிழமை உக்காந்து அடிக்கற என்னை மாதிரி ஆளைத்தான். அமெரிக்காக்காரன் 2008ல லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தை எல்லாம் இலவசமாத் திறந்து விட்டான். காசுக்கு விக்கறப்ப வருஷத்துக்கு ஆயிரக்கணக்குல போனது, அப்புறம் லட்சக்கணக்குல போச்சு. எங்க தாலுகா நிலத்தை அவன் எடுத்த படத்துல நான் ஓசியில பாக்கறேன். எங்க தாலுகா மழைக்கு 240 ரூபா கட்டறேன்.

மூணு, "கிராமத்துல யாரு பாக்கப் போறா?" இதுக்குத்தான் எனக்குக் கோவம் தலைக்கு ஏறுது. எங்க சித்தப்பா பாத்தாரு. பாத்துதான் ஏமாந்தாரு. பாக்க மாட்டாங்கன்னு சொல்றவங்க ஒரு நாள் காலையில எங்க டீக்கடைக்கு வாங்க. சென்டி மீட்டருக்கும் மில்லி மீட்டருக்கும் நடுவுல எப்படி அடிச்சுக்கறாங்கன்னு பாருங்க.

சரி, என்னதான் வேணும்ங்கற? பெருசா ஒண்ணும் இல்ல. மாவட்டத்துல தினமும் அடிக்கற அந்த எக்ஸெல்லை படம் எடுக்காம, அப்படியே சிஎஸ்வியா ஒரே முகவரியில போடுங்க. பழசை அழிக்காதீங்க. தேதி, ஊர்க் குறியீடு, அலகு இந்த மூணும் இருக்கட்டும். தமிழ் யூனிகோடுல இருக்கட்டும். புதுசா ஒரு ஆள் வேணாம், புதுசா ஒரு ஆப் வேணாம், திறப்பு விழா சத்தியமா வேணாம்.

அதுவரைக்கும் நான் சும்மா இருக்கப் போறதில்ல. அந்தப் பத்து வருஷத்துக் கணக்கு, நான் அடிச்சது, யார் கேட்டாலும் தரேன். தப்பு இருந்தா சொல்லுங்க, எந்தப் பக்கத்து ஜெராக்ஸ்னு எடுத்துச் சரி பாத்துடலாம். தினமும் காலையில படத்தைப் பாத்து எங்க ஊர் எண்ணை நானே அடிச்சுப் போட்டுக்கிட்டு இருக்கேன். வராத நாள்ல "வரவில்லை"ன்னு போடறேன், பூஜ்யம் போடறதில்ல. பூஜ்யம் வேற, வரவில்லை வேற. 14,000 ரூபாயில கத்துக்கிட்ட பாடம் அது, எங்க சித்தப்பா காசு.

இதைப் படிக்கற பதிவர்கள்ல ஒரு பத்து பேர் உங்க உங்க தாலுகாவுக்கு இதே மாதிரி ஒரு தாள் ஆரம்பிச்சா, ஒரு வருஷத்துல நம்ம கையில இருக்கறதைப் பாத்து எந்த ஆபீஸ்லயும் "இது முடியாது"ன்னு சொல்ல முடியாது. பத்து பேர் இன்னும் பதிவு எழுதறாங்களாங்கறது வேற கேள்வி :)

பி.கு: சித்தப்பா இந்த வருஷமும் வெங்காயம் போட்டிருக்காரு. நேத்து போன் பண்ணி, "உன் பக்கத்துல தேதி நல்லா தெரியுதுப்பா, விலைதான் கண்ணு தெரியல, கொஞ்சம் பெருசாப் போடு"ன்னாரு. போட்டுட்டேன்.